வழக்கறிஞராக எத்தனை ஆண்டு? – வேதநாயகர் தொடுத்த வழக்கு

மலாக்காவிலிருந்து மூவாருக்குச் செல்லும் சாலையில் மெர்லிமாவ் இருக்கிறது. அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அண்மையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்த பின் ஒரு தந்தையார் ஒதுங்கி நின்று என்னைக் கேட்டார்: “சார், பிள்ளை லாயராகணும்னு சொல்லுது. எத்தனை வருசம் படிக்கணும்?” அவருடைய தந்தையார் பால்மரம் சீவியவர். அவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். மகள் ஐந்தாம் ஆண்டு மாணவி. நான் விரல்விட்டு எண்ணி ஓர் எண்ணைச் சொன்னேன். “அவ்வளவு வருசமா?” என்று கேட்டுவிட்டு அவர் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்ன எண் தவறன்று. ஆயினும் சொன்ன முறை தவறு என்று பின்னர் தோன்றியது. அந்த எண்ணில் எத்தனை ஆண்டு சட்டத்துக்கு உரியது, எத்தனை ஆண்டு மொழிக்கு உரியது என்பதை நான் பிரித்துச் சொல்லவில்லை. அப்பிரிவைத் தமிழில் முதன்முதலில் ஒரு வழக்காகவே தொடுத்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. ஆதலின் அந்தத் தந்தையாரின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, வேதநாயகரின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

எங்கிருந்து எண்ணுவது?

முதலில் உலக நடைமுறையைச் சுருங்கக் காண்போம். இந்தியாவில் பள்ளிப் படிப்பை முடித்தவர் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அல்லது வேறொரு பட்டம் பெற்று அதன்பின் மூன்றாண்டு சட்டம் பயிலலாம். அதற்குமேல் 2010ஆம் ஆண்டிலிருந்து அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் பாரிஸ்டராக விரும்புபவருக்கு மூன்றாண்டுச் சட்டப் பட்டம், ஏறத்தாழ ஓராண்டுத் தொழிற்கல்வி, பன்னிரண்டு மாதப் பயிற்சி என மொத்தம் ஐந்தாண்டு ஆகும். அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டம் பெற்ற பின்னரே மூன்றாண்டுச் சட்டக் கல்வி; ஆக ஏழாண்டு. செருமனியில் பல்கலைக்கழகப் படிப்பின் இறுதியில் ஓர் அரசுத் தேர்வும், இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின் இரண்டாம் அரசுத் தேர்வும் உண்டு. அங்கும் ஏழாண்டு அளவில் ஆகிவிடும். சிங்கப்பூரில் நான்காண்டுப் பட்டத்துக்கும் தேர்வுக்கும் மேலாக இருந்த ஆறு மாதத் தொழிற்பயிற்சி, 2024ஆம் ஆண்டு முதல் ஓராண்டாக நீட்டப்பட்டுள்ளது. இலங்கைச் சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியும் வேண்டும்.

நம் நாட்டில் தீபகற்ப மலேசியாவுக்குரியது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டமாகும். மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை 1972இல் தோன்றியது. அங்கே நான்காண்டுப் பட்டம் பெற்றவர், ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்று உயர் நீதிமன்றத்தில் ஏற்றுக்கொள்ளப்படலாம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் சட்டப் பட்டம் பெற்றுத் திரும்புவோர், 1984ஆம் ஆண்டு முதல் நடைபெறும் சி.எல்.பி. தேர்விலும் தேற வேண்டும். பட்டத்தோடு நில்லாமல் இங்கிலாந்தில் பாரிஸ்டராகவே ஏற்கப்பட்டு வருவோரின் வழி வேறு.

இவ்வெண்களை அடுத்தடுத்து வைத்து, எந்த நாட்டில் விரைவு, எந்த நாட்டில் தாமதம் என்று தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் அது தவறான தீர்ப்பு. ஒரு நாட்டில் பள்ளியிறுதியிலிருந்து எண்ணுகிறார்கள். வேறொரு நாட்டில் பட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். ஒரு நாட்டில் பயிற்சி கல்லூரிக்குள் அடங்கியது. மற்றொரு நாட்டில் அது வெளியே தனித்து நிற்கிறது. இந்தியாவில் பட்டம் பெற்ற பின் கட்டாயப் பயிற்சிக் காலம் இல்லை. 1995இல் அத்தகைய விதி ஒன்று கொண்டுவரப்பட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மே மாதம், கீழ் நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு வருபவர் மூன்றாண்டு வழக்காடிய அனுபவம் உடையவராக இருக்க வேண்டும் என்று விதித்தது. முன்வாயிலில் குறைத்த காலத்தை உள்வாயிலில் கேட்டுப் பெறுகிறார்கள் என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

விதியில் உள்ள ஆண்டு வேறு. ஆளுக்கு ஆகும் ஆண்டு வேறு. காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு செப்டம்பரில் கப்பலேறி, 1891ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸ்டர் ஆனார், மூன்றாண்டுகூட ஆகவில்லை. பழந்தமிழ் நூற்பதிப்பின் முன்னோடியான சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் 1857இல் தேறியவர், பி.எல். பட்டம் பெற்றதோ 1871இல். இடையில் பதினான்கு ஆண்டு! அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. காந்தியடிகள் விரைவாகக் கற்றவர், தாமோதரம் பிள்ளை மெதுவாகக் கற்றவர் என்று எவரேனும் சொல்வரோ? குடும்பப் பொறுப்பு, பிழைப்பு, பணவசதி, மொழி ஆகியவையே அவ்விடைவெளியின் அளவைக் குறிக்கின்றன.

வழக்கு என்னும் சொல்

தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கணிகள் சொல்லும் மொழிப் பயன்பாடு. மற்றொன்று, மன்றத்தில் உரைக்கப்படும் பிணக்கு. இவ்விரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது பொருத்தமே. ஒரு சொல்லை மக்கள் எப்பொருளில் வழங்குகிறார்கள் என்று காண்பது இலக்கண ஆசிரியன் வேலை. ஒரு சட்டத்திலோ பத்திரத்திலோ உள்ள சொல்லுக்கு எப்பொருள் கொள்வது என்று வாதிப்பது வழக்கறிஞன் வேலை. தொல்காப்பிய மரபியல் முப்பத்திரண்டு உத்திகளைத் தொகுத்துச் சொல்கிறது. நன்னூலும் அவ்வெண்ணையே கொள்கிறது. ஓரிடத்துச் சொன்னதை மற்றோரிடத்துக்கும் கொள்வதா, விதந்து சொன்னதனால் சொல்லாதது விலக்கப்பட்டதா என்று உரையாசிரியர்கள் தடைவிடை எழுப்பிச் செல்லும் நெறியைக் கண்டவர்கள், சட்டத்துக்குப் பொருள் காணும் நெறி அதற்கு அயலானதன்று என்பதை உணர்வர். சேனாவரையரை முறையாகப் பயின்ற மாணவன், அறியாமலே வழக்காடும் கலையின் பாதியைப் பயின்றவன் ஆகிறான்.

எனினும் நம் இலக்கியத்தில் வரும் புகழ்பெற்ற வழக்குகளில் வழக்கறிஞர் என்று ஒருவர் இல்லை. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை என்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வாதியும் கண்ணகியே, வழக்குரைப்பவளும் கண்ணகியே. அரசியின் சிலம்பில் உள்ள பரல் முத்து, தன் சிலம்பில் உள்ளது மாணிக்கம் என்று நிறுவுகிறாள். சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். சான்றுப் பொருளை மன்றத்தின் முன் வைத்துத் தீர்ப்பைப் பெறும் முறை அது. ஆனால் தீர்ப்புக் கிடைத்தபோது கோவலன் உயிரோடு இல்லை. பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்ட மன்னன், கோவலனை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கோவலன் பக்கம் நின்று பேச ஒருவன் அன்று இருந்திருந்தால் மதுரை எரிந்திராது என்று சொல்லத் தோன்றுகிறது.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் இன்னும் நுட்பமானது. புத்தூரில் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, மணமகனாகிய சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்று வகைச் சான்றுகளைச் சேக்கிழார் அங்கே எடுத்துக் கூறுகிறார். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவை தீர்ப்பளிக்கிறது. மூலமும் படியும், எழுத்தொப்பீடும், சாட்சி எழுத்தும் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியம் ஒன்றில் இத்துணைத் தெளிவாக வருவதைச் சட்டம் பயில்வோர் கண்டு மகிழலாம். அங்கும் இரு திறத்தாரும் தாமே பேசினர். காரணம் வெளிப்படை: மன்றத்தின் மொழி அவர்களுடைய மொழி. இடையில் ஒருவர் நின்று மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை.

வேதநாயகரின் குற்றச்சாட்டு

இத்தேவை எழுந்த காலத்தில் வாழ்ந்தவர் வேதநாயகர். 1826இல் குளத்தூரில் பிறந்தவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857இல் முன்சீப் ஆனவர். சட்டக் கல்லூரியில் காலடி வைக்காமலே நீதிபதியானவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவர் கற்ற கல்லூரி, ஆவண அறையும் மொழிபெயர்ப்பு மேசையுமே. உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த ‘சித்தாந்த சங்கிரகம்’ அவர் தந்த நூல். பணி ஓய்வுக்குப் பின் அவர் எழுதிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுவது.

அந்நாவலின் பிற்பகுதியில் கதையோட்டம் நிற்கிறது. ஒரு குற்றச்சாட்டு எழுகிறது. நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், கட்சிக்காரரும் சாட்சிகளும் தமிழர். இப்படி எல்லாரும் தமிழராய்க் கூடியிருக்கும் மன்றத்தில் வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடுகிறாரே, அது யார் மகிழ்வதற்காக என்பதே வேதநாயகரின் வினா. வெளியே இருந்து எழுதியவரின் புகார் அன்று இது. ஆண்டுக்கணக்கில் அந்த மேசைக்குப் பின்னே அமர்ந்து, புரியாத வாதத்தைக் கேட்டுக்கொண்டு கைகட்டி நின்ற குடியானவனின் முகத்தைக் கண்டவரின் சாட்சியம்.

இப்பகுதியைத் திறனாயும்போது மூன்று செய்திகளைக் கூற வேண்டும்.

ஒன்று, கலைக் குறை. இக்குற்றச்சாட்டு கதைமாந்தரின் வாழ்விலிருந்து பிறக்கவில்லை. ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆளும் அருமையான கதைச்சூழல் கையில் இருக்கிறது. ஒரு குடியானவனின் வழக்கை அவள் முன் கொண்டுவந்து, அவன் அறியாத மொழியில் அவன் நிலம் பறிபோவதைக் காட்டியிருக்கலாம். வேதநாயகர் அதைச் செய்யவில்லை, சொற்பொழிவாகவே தந்துவிட்டார். அவர் நாவலில் கருத்து வரும்போதெல்லாம் கதைமாந்தர் எழுந்து நின்று இடம்விட்டு விடுகிறார்கள். ஆயிரம் வழக்குகளைக் கண்ட ஒருவர் ஒரு வழக்கையேனும் முழுக் காட்சியாக எழுதாமல் போனது தமிழ் நாவலுக்கு நேர்ந்த இழப்பு.

இரண்டு, வாதத்தின் வலிமை. ஆங்கிலம் கற்பதை அவர் எதிர்த்தார் என்று சிலர் கொள்வர், அது பிழை. தாய்மொழியைப் புறக்கணித்துப் பிறமொழியைச் சுமப்பதையே அவர் கண்டித்தார். நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்படுவது பெறுபவனுக்கு விளங்கவும் வேண்டும் என்பதே அவர் வாதத்தின் உயிர். ‘சித்தாந்த சங்கிரக’த்தை நினைத்தால் இதன் நேர்மை மேலும் புலப்படும். சட்டம் தமிழில் பேச இயலாது என்பாருக்கு அவர் நாவலை எழுதுவதற்கு முன்னரே விடையை அச்சிட்டுத் தந்துவிட்டார். வழக்குத் தொடுத்தவரே ஆவணத்தையும் கையோடு கொணர்ந்தார்.

மூன்று, வாதத்தில் உள்ள இடைவெளி. வேதநாயகர் கண்முன் இருந்தது தமிழர் மட்டுமே கூடிய முன்சீப் கோர்ட். ஆனால் அன்றைய சென்னை மாகாணத்தில் தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் எல்லாரும் இருந்தனர். பல மொழியார் சென்று முறையிடும் மேல்மன்றத்தில் எம்மொழியில் வாதாடுவது என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. இவ்வினா இன்றும் முடிந்தபாடில்லை. தமிழகத்துக் கீழ் நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலோ தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரி 2006இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் அது கைகூடவில்லை. இலங்கையில் சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட விதி, 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. சிங்களத்திலும் தமிழிலும் பயின்று வருவோருக்கு வாயில் அடைபடும் என்ற அச்சமே எதிர்ப்புக்குக் காரணம்.

இன்னும் ஒன்று: அவர் ஆண்டுக் கணக்கைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீலை நகைத்தாரேயன்றி, அந்த ஆங்கிலத்துக்காக அவ்வக்கீல் தன் இளமையில் எத்தனை ஆண்டைச் செலவிட்டான் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அவர் வாதம் இரட்டை வலிமை பெற்றிருக்கும். மொழி மாற்றத்தால் கட்சிக்காரன் நீதியை இழக்கிறான். வக்கீலாக விரும்பும் ஏழை மாணவனோ காலத்தை இழக்கிறான். முதல் இழப்பைக் கண்டவர் இரண்டாவதைக் காணவில்லை.

குறுகிய வாயில்களும் அவற்றால் வந்தோரும்

பட்டமில்லாதவர்க்கும் அக்காலத்தில் ஒரு குறுகிய வாயில் இருந்தது. பிளீடர் தேர்வு என்பது அது. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவ்வாயில் வழியே வந்தவர். அத்தேர்வில் தேறி, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். பி.எல். படித்தவர் அல்லர், ஆனால் ஏழைகளுக்காக வாதாடிப் பெயர் பெற்றார். 1908இல் அரச நிந்தனைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றபோது வழக்காடும் உரிமையையும் இழந்தார். பின்னர் வாலஸ் என்னும் நீதிபதி அவ்வுரிமையை மீட்டுத் தந்தார். அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. தொல்காப்பியத்து இளம்பூரணர் உரையைப் பதிப்பித்ததும் அவரே.

அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் சட்டக் கல்லூரி காணாமல் தாமே படித்து 1836இல் வழக்காடும் உரிமை பெற்றார். இன்றும் கலிபோர்னியா, வெர்மாண்ட், வர்ஜீனியா, வாஷிங்டன் ஆகிய மாநிலங்களில், சட்டக் கல்லூரிக்குச் செல்லாமல் வழக்கறிஞர் அல்லது நீதிபதி ஒருவரிடம் இருந்தே பயின்று தேர்வெழுத வழி இருக்கிறது. இங்கிலாந்திலும் பட்டப் படிப்புக்கு மாற்றாக ஏறத்தாழ ஆறாண்டு வேலைசெய்து கொண்டே பயின்று சொலிசிட்டர் ஆகும் முறை உண்டு. ஆகக் குறுகிய வாயில் என்பது தரக்குறைவான வாயில் ஆகாது. அது பணமில்லாதவனும் நுழையத்தக்க வாயில்.

தமிழுக்கு இதில் ஓர் ஆதாயமும் வந்தது. தாமோதரம் பிள்ளை கும்பகோணத்தில் வழக்காடியவர். புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். அவரே 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926இல் பொறுப்பேற்ற வையாபுரிப் பிள்ளையும் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். ஏடுகளை ஒப்பிடுதல், மூலம் எது படி எது என்று தேர்தல், சான்றின்றி எதையும் ஏற்காமை ஆகிய பண்புகள் பதிப்பாசிரியனுக்கும் வழக்கறிஞனுக்கும் பொதுவானவை. திருவெண்ணெய்நல்லூர் அவை ஓலையை ஒப்பிட்டுப் பார்த்த அதே கண்ணால் இவர்கள் ஏடுகளைப் பார்த்தனர்.

நம் ஊர்க் கணக்கு

இனி மெர்லிமாவுக்குத் திரும்புவோம். இங்கே வேதநாயகரின் வழக்கை அப்படியே நாம் தொடுக்க இயலாது. ஜாசினிலோ மலாக்காவிலோ உள்ள நீதிமன்றத்தில் நீதிபதி மலாய்க்காரராக இருக்கலாம். வழக்கறிஞர் சீனராக இருக்கலாம். கட்சிக்காரர் தமிழராக இருக்கலாம். எல்லாரும் தமிழராய்க் கூடியிருக்கும் மன்றம் இங்கில்லை. தேசிய மொழியே நீதிமன்ற மொழி. நீதியின் பொருட்டு ஆங்கிலத்துக்கும் நீதிமன்றம் இடமளிக்கலாம். தமிழ் மட்டுமே அறிந்த சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் உதவுவார். பல இனத்தார் வாழும் நாட்டில் இது முறையே. வேதநாயகர் வாதத்திலிருந்து நமக்கு வேண்டுவது அதன் உடலன்று, உயிர். மன்றத்தில் நடப்பது கட்சிக்காரனுக்கு விளங்க வேண்டும் என்பதே அந்த உயிர்.

இப்போது அந்தத் தந்தையாரின் மகளுக்குரிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கப்பள்ளி ஆறாண்டு. இடைநிலைப்பள்ளி ஐந்தாண்டு. ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு. சட்டப் பட்டம் நான்காண்டு. பயிற்சி ஒன்பது மாதம். ஆகப் பதினேழே கால் ஆண்டு. இடையில் முடிவுகளுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் தனி. தேசிய மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்று புகுமுக வகுப்பில் அமர நேர்ந்தால் பதினெட்டே கால். நான் அன்று “பதினெட்டு வருசம்” என்றேன். அவர் திகைத்ததில் வியப்பில்லை.

ஆனால் இக்கணக்கைப் பிரித்துப் பாருங்கள். இதில் சட்டத்துக்கே உரியது நான்கே முக்கால் ஆண்டு. அவள் மருத்துவரானாலும், ஆசிரியரானாலும், கணக்கரானாலும் பெரும்பாலான பள்ளி ஆண்டுகள் எப்படியும் கழியத்தான் போகின்றன. அவள் இதுவரை படித்த ஐந்தாண்டும் அக்கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. அப்படியிருக்க, எல்லா ஆண்டுகளையும் கூட்டி ஒரே மூட்டையாக அத்தந்தையின் தலையில் நான் வைத்தேன். அது என் பிழை.

தவிர்க்கக் கூடிய ஆண்டு ஒன்று இதில் இருக்கிறது. அதுவே புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஓராண்டு வீணாகும் என்று சில பெற்றோர் சொல்வது இதை வைத்துத்தான். இது முழுப்பொய்யும் அன்று, முழுமெய்யும் அன்று. அவ்வாண்டு தமிழ் கற்றதற்குத் தண்டனையன்று. தேசிய மொழியில் குறைந்ததை நிரப்புவதற்கானது. தேசிய மொழியில் தேர்ந்த தமிழ்ப்பள்ளி மாணவர் நேரே முதற்படிவத்துக்குச் செல்கின்றனர். பிற்காலத்தில் வழக்கறிஞராக ஏற்கப்படுவதற்கும் தேசிய மொழித் தகுதி கேட்கப்படுகிறது. எனவே தமிழ்ப்பள்ளியில் மலாய்மொழி கற்பித்தல் ஏனோதானோவென்று நடக்குமாயின், அதன் விலையை நம் பிள்ளைகளே ஆண்டுகளாகச் செலுத்துவர். தமிழை நேசிக்கும் ஆசிரியர் எவரும் இதை மறைத்துப் பேசலாகாது.

இங்கே ஒரு நற்செய்தியும் உண்டு. நீதிமன்ற மலாய்ச் சொற்கள் பல நம் மாணவர்க்கு அயலானவை அல்ல. சாட்சியை மலாயில் ‘சக்சி’ என்கிறார்கள். தண்டத்தொகை ‘டெண்டா’. விசாரணையைக் குறிக்கும் ‘பெர்பிச்சாராஆன்’ என்னும் சொல்லுக்குள் இருப்பது ‘பிச்சாரா’; நம் ‘விசார’மும் அதுவும் ஒரே வடசொல் மூலத்தின் இரு வடிவங்கள். வழக்கறிஞரைக் குறிக்கும் ‘பெகுவாம்’ என்பதில் ‘குவாம்’ என்பது வழக்கைக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல். ‘பெ’ என்பது செய்பவரைக் குறிக்கும் முன்னொட்டு. வழக்கிலிருந்து வழக்கர் பிறந்தாற்போன்ற அமைப்பு இது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஓர் அரைமணி நேரம் ஒதுக்கி இச்சொற்களை இரு நிரலாகப் பலகையில் எழுதிக் காட்டினால் போதும். ‘இது நம்மால் ஆகாத மொழி’ என்னும் மயக்கம் பிள்ளைகளிடமிருந்து அகலும்.

தமிழாசிரியர் செய்யத்தக்கது

மலாய்மொழி வாயிலைத் திறக்கும். உள்ளே சென்று வாதாடும் ஆற்றலை எங்கே பெறுவது? அது சிந்தனையின் ஒழுங்கு. ஒரு பிள்ளை தன் கருத்தை முதலில் அமைத்துக்கொள்ளக் கற்பது தாய்மொழியில்தான். இங்கேதான் தமிழாசிரியரின் பங்கு வருகிறது. ஆனால் நாம் செய்வது என்ன? சிலப்பதிகாரக் கதையைச் சொல்கிறோம். கண்ணகி கற்புக்கரசி என்று எழுதச் சொல்கிறோம். மதிப்பெண் இட்டு முடிக்கிறோம். கண்ணகி தன் வழக்கை எந்த வரிசையில் நிறுவினாள், முத்து மாணிக்க வேறுபாடு ஏன் முடிவான சான்றாயிற்று, மன்னன் தொடக்கத்தில் செய்யத் தவறியது யாது என்று நாம் கேட்பதில்லை. சுந்தரர் ஓலையைக் கிழித்தது அவர் வழக்குக்கு உதவிற்றா, கேடு செய்ததா என்று ஒரு வகுப்பில் இருபுறமும் வாதிடச் செய்து பாருங்கள். சான்று, ஐயம், மறுப்பு, முடிவு என்னும் படிகளைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

ஒருகாலத்தில் தோட்டத்து மக்களுக்கு மனு எழுதித் தருவதற்குக் கிராணியை விட்டால் ஆள் இல்லை. அவர் எழுதியது என்ன என்பது கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. வேதநாயகர் கண்ட குடியானவனும், ரப்பர்த் தோட்டத்து லயத்து வாசலில் மனுத்தாளோடு நின்றவரும் ஒரே நிலையினர். தன் வழக்கு தனக்கே விளங்காத நிலை அது. அந்நிலையை மாற்றத்தக்கவர், நாளை ஜாசின் மன்றத்தில் மலாயில் வாதாடிவிட்டு வெளியே வந்து, “அம்மா, இன்று நடந்தது இதுதான்” என்று தமிழில் எடுத்துச் சொல்லவல்ல ஒரு வழக்கறிஞரே. அவர் இரு மொழியிலும் வல்லவராய் இருத்தல் வேண்டும். மன்றத்தின் மொழியை மட்டும் கற்றவரால் பாதி வேலையே ஆகும்.

வேதநாயகர் தொடுத்த வழக்குக்கு நான் காணும் தீர்ப்பு இது: அவர் கேட்ட கேள்வி சரி, அவர் கண்ட மன்றம் குறுகியது, அவர் விட்டுவிட்ட கணக்கை நாம் போட வேண்டும்.

அந்தத் தந்தையாரை அடுத்த கூட்டத்தில் காண்பேன். அப்போது பதினெட்டு என்று சொல்ல மாட்டேன். “ஐயா, உங்கள் மகள் ஐந்தாண்டை முடிக்கப் போகிறாள். பள்ளிப் படிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். அதன்பின் சட்டத்துக்கென்று ஆவது ஏறத்தாழ ஐந்தாண்டு. நடுவில் ஓராண்டு கூடாமல் இருக்க மலாயை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். வாதாடக் கற்றுக் கொடுப்பதை எங்களிடம் விடுங்கள்” என்று சொல்வேன்.